பண்ணைக்குட்டை வெட்டப் போகிறீர்களா? பொக்லைன் வருவதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஐப்பசியில் ஒரே இரவில் 5 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. விடிந்து போய்ப் பார்த்தால் வயலில் ஈரம் மட்டும்தான் இருக்கிறது. தண்ணீர் மேல்மண்ணையும் அடித்துக்கொண்டு ஓடைக்குப் போய்விட்டது. தை பிறந்ததும் அதே வயலில் நிலக்கடலைக்கு ஒரு தண்ணீர் விட முடியாமல் தவிக்கிறோம். இதற்குத் தீர்வு பண்ணைக்குட்டை என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கு மானியம் உண்டு என்பதும் தெரியும். ஆனால் எங்கே வெட்டலாம், எங்கே வெட்டக்கூடாது, யாரிடம் அனுமதி வாங்க வேண்டும், எந்த வேலையை முதலில் செய்ய வேண்டும் என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

வயலாய்வுக்குப் போன இடங்களில் நான் பார்த்த இருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஒருவர் வட்டிக்குக் கடன் வாங்கிக் குட்டை வெட்டிவிட்டு, அதன் பிறகு மானியத்துக்கு விண்ணப்பித்தார். வெட்டுவதற்கு முந்தைய அளவீடு இல்லாததால் விண்ணப்பம் திரும்பி வந்தது. மற்றவர் தன் நிலத்தின் ஓரத்தில் இருந்த பள்ளத்தைக் குறுக்கே மறித்துக் குட்டை ஆக்கினார். கீழே நிலம் வைத்திருந்தவர் புகார் கொடுத்தார். வருவாய்த் துறையினர் அளந்து பார்த்தபோது அது ஓடைப் புறம்போக்கு. கரையை அவரே செலவு செய்து உடைத்துவிட வேண்டியதாயிற்று. இருவருமே நல்ல விவசாயிகள். வேலையின் வரிசையைத் தவறவிட்டதுதான் அவர்களுக்கு நேர்ந்த நஷ்டம்.

எது உங்கள் தண்ணீர்?

முதலில் இதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஈஸ்மெண்ட் சட்டம் என்று வக்கீல்கள் சொல்லும் 1882ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 7ஆவது பிரிவு இதைப் பேசுகிறது. உங்கள் நிலத்தின் மேல் விழுந்து, வரையறுத்த வாய்க்கால் எதிலும் சேராமல் பரவி ஓடும் தண்ணீரை உங்கள் எல்லைக்குள் பிடித்து வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. அதே தண்ணீர் இயற்கையான ஓடையில் சேர்ந்துவிட்டால் கதை வேறு. அந்த ஓடை உங்கள் நிலத்தின் வழியாகவே போனாலும் அதன் ஓட்டத்தை நீங்கள் தடுக்கக்கூடாது. கீழே உள்ளவருக்கும் அதில் உரிமை இருக்கிறது.

இதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது. மேட்டு நிலத்தில் விழும் மழைத்தண்ணீர் இயல்பாகப் பள்ளத்து நிலத்துக்கு இறங்கி வருவதைப் பள்ளத்துக்காரர் தடுக்கக்கூடாது. ஆகவே உங்கள் குட்டைக் கரையை உயர்த்தி, மேலேயிருந்து வரும் தண்ணீர் அண்டை வயலிலேயே தேங்கும்படி செய்தால் அதுவும் தகராறில்தான் முடியும். வரும் தண்ணீருக்கு வழி விடுங்கள். அதில் உங்கள் குட்டை நிரம்புகிற அளவைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை அதன் பழைய வழியிலேயே வெளியேற்றுங்கள். இப்படிச் செய்தால் யாரும் உங்களைக் கேள்வி கேட்க முடியாது.

புலப்படத்தைப் பார்க்காமல் இடத்தைக் குறிக்காதீர்கள்

கண்ணுக்கு வெறும் தரிசாகவோ வேலமரப் புதராகவோ தெரியும் இடம் ஆவணத்தில் ஓடையாக இருக்கலாம். பத்து ஆண்டுகளாகத் தண்ணீர் ஓடாத வாரிகூடப் புறம்போக்குதான். அதைப் பக்கத்து நிலத்துக்காரர் இத்தனை நாள் உழுது வந்திருந்தாலும் அது பட்டா நிலம் ஆகிவிடாது. நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்ற 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டமும், ஏரிகளைப் பாதுகாக்க 2007ஆம் ஆண்டுச் சட்டமும் தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ளன.

எனவே முதல் வேலையாக உங்கள் சர்வே எண்ணுக்கான புலப்படத்தை எடுங்கள். பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் ஆகியவற்றை வருவாய்த் துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். முடியாதவர்கள் இ-சேவை மையத்தில் எடுத்துக்கொள்ளலாம். அதில் மூன்றைக் கவனியுங்கள்.

1. நிலத்தின் உள்ளேயோ ஓரத்திலேயோ ஓடை, வாய்க்கால், வண்டிப்பாதை குறிக்கப்பட்டிருக்கிறதா?

2. குட்டை வரும் இடம் முழுவதும் உங்கள் உட்பிரிவு எண்ணுக்குள் இருக்கிறதா?

3. பட்டா யார் பெயரில் இருக்கிறது?

புரியாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் காட்டிக் கேளுங்கள். எல்லையில் சந்தேகம் இருந்தால் நில அளவைக்கு மனு கொடுத்து அளந்துவிடுங்கள். அளவைக் கட்டணம் கரையை உடைக்கும் செலவைவிட மிகக் குறைவு.

மூன்றாவது கேள்வியில்தான் பலர் சிக்குகிறார்கள். பட்டா இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கும், அல்லது அண்ணன் தம்பிகள் நான்கு பேர் பெயரில் கூட்டுப் பட்டாவாக இருக்கும். மானியம் பட்டாதாரர் பெயருக்குத்தான் வரும். தாத்தா பெயரில் இருந்தால் வாரிசுச் சான்று வைத்துப் பட்டா மாற்றத்துக்கு இப்போதே மனு கொடுங்கள். கூட்டுப் பட்டாவாக இருந்தால் உட்பிரிவு செய்வது நல்லது. அதற்குக் காலமாகும் என்றால் மற்றவர்களின் ஒப்புதலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

குத்தகை நிலத்தில், குறிப்பாகக் கோயில் நிலத்தில் பயிர் செய்கிறவர்கள் நிலத்தின் உரிமையாளரிடமோ கோயில் நிர்வாகத்திடமோ எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் குழி தோண்டக்கூடாது. அது குத்தகையையே இழக்கும் நிலைக்குக் கொண்டு போய்விடும். நீலகிரி போன்ற மலைப்பகுதியில் இருப்பவர்கள் சொந்தப் பட்டா நிலமாக இருந்தாலும் பொக்லைனை இறக்குவதற்கு முன் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி பெற வேண்டும்.

எவ்வளவு பெரிய குட்டை தேவை?

ஒரு ஏக்கரில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 40,000 லிட்டர். 5 சென்டிமீட்டர் மழை என்றால் 2 லட்சம் லிட்டர். அதில் கால் பங்கு வழிந்தோடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 50,000 லிட்டர் ஆகிறது. 4 ஏக்கர் நிலத்தின் தண்ணீர் ஒரே இடத்துக்கு வந்தால் ஒரு கனமழைக்கு 2 லட்சம் லிட்டர் கிடைக்கும்.

மேலே 20 மீட்டருக்கு 20 மீட்டர், ஆழம் 2 மீட்டர், பக்கச் சரிவு ஒன்றுக்கு ஒன்றரை என்று ஒரு குட்டை வெட்டினால் அதில் ஏறத்தாழ 5.8 லட்சம் லிட்டர் நிற்கும். மேற்சொன்ன 4 ஏக்கருக்கு அப்படிப்பட்ட மூன்று மழையில் நிரம்பிவிடும். குட்டை வாய் மட்டும் 10 சென்ட் இடம் பிடிக்கும். கரையோடு சேர்த்தால் 15 சென்ட்டுக்கு மேல் போகும். இந்த இழப்புக்கு நீங்கள் தயாரா என்பதையும் யோசியுங்கள். ஒரு ஏக்கர் நிலம் மட்டுமே உள்ளவருக்கு இந்த அளவு பொருந்தாது. அவர் சரிவுக்குக் குறுக்கே வரப்பு போட்டு, ஓரத்தில் சிறு குழி எடுத்தாலே போதும்.

இவ்வளவு தண்ணீரும் பயிருக்கு வந்துவிடாது. வெயில் காலத்தில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால் இந்தக் குட்டையிலிருந்து தினமும் 2,000 லிட்டர் போகும். மண்ணில் கசிவது தனி. கரிசலிலும் களியிலும் கசிவு குறைவு. செம்மண், மணல்சாரியில் கசிவு அதிகம். அங்கே குட்டை ஒரு மாதத்தில் வற்றினாலும் கவலைப்பட வேண்டாம். அந்தத் தண்ணீர் பக்கத்துக் கிணற்றில் ஊறும். தண்ணீரை நிறுத்தித்தான் பாய்ச்ச வேண்டும் என்றால் தார்ப்பாய் போன்ற தடித்த விரிப்பு போட வேண்டும். அப்போது கிணற்று ஊற்றுக்கு அந்தக் குட்டையால் பயன் இராது. இரண்டில் எது உங்களுக்குத் தேவை என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். ஏனென்றால் மானியத் திட்டமும் அதைப் பொறுத்து மாறும்.

மானியம் எங்கே கிடைக்கும்?

குட்டை சம்பந்தமாக நீங்கள் போய்க் கேட்க வேண்டிய இடங்கள் நான்கு.

வேளாண்மைப் பொறியியல் துறை: பண்ணைக்குட்டைக்கு முதன்மையான துறை இதுதான். உட்கோட்ட அளவில் உதவி செயற்பொறியாளர் அலுவலகம் இருக்கும். எந்த மாவட்டத்தில், எத்தனை குட்டைக்கு, எவ்வளவு மானியம் என்பது ஆண்டுதோறும் நிதி ஒதுக்கீட்டைப் பொறுத்து மாறும். போன ஆண்டு பக்கத்து ஊரில் கிடைத்த தொகையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். மானியம் கிடைக்காவிட்டாலும் இத்துறையின் இயந்திரங்களை அரசு வாடகைக்கு எடுக்கலாம். இ-வாடகை செயலியில் அதற்குப் பதிவு செய்யும் வசதி உள்ளது.

தோட்டக்கலைத் துறை: பழம், காய்கறி, பூ பயிரிடுகிறவர்கள் விரிப்புப் போட்ட நீர்சேமிப்புக் குட்டைக்கு இங்கே கேட்கலாம். தோட்டக்கலை இயக்கத் திட்டத்தில் நிர்ணயித்த செலவில் பாதி மானியமாக வரும். மீதிப் பாதி உங்கள் கையிலிருந்து போக வேண்டும். அதற்கு ஏற்பாடு செய்த பிறகே விண்ணப்பியுங்கள்.

ஊராட்சி: 100 நாள் வேலை என்று நாம் சொல்லும் வேலை உறுதித் திட்டத்தின் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில், ஆதிதிராவிடர், பழங்குடியினர், சிறு குறு விவசாயிகள், பெண்களைத் தலைவராகக் கொண்ட குடும்பங்கள் ஆகியோரின் சொந்த நிலத்தில் குட்டை வெட்ட இடம் இருந்தது. குடும்பத்தில் ஒருவருக்கு வேலை அட்டை இருந்து, அவரும் அந்த வேலையில் இறங்க வேண்டும். ஆட்களை வைத்து வெட்டுவதுதான் விதி. பொக்லைனில் வெட்டிவிட்டு இதில் கணக்குக் காட்ட முடியாது. இந்தத் திட்டத்தின் சட்டமும் விதிகளும் மாறி வருவதால் இப்போதைய நிலையை ஊராட்சி அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில் உங்கள் நிலத்தின் வேலையைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி மனு கொடுப்பது நல்லது.

சொட்டுநீர்: பிடித்த தண்ணீரை வாய்க்காலில் விட்டால் பாதி வழியிலேயே போய்விடும். நுண்ணீர்ப் பாசனத் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கு 5 ஏக்கர் வரை 100 சதவீதமும், மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. குட்டையும் சொட்டுநீரும் சேர்ந்தால்தான் முழுப் பயன் கிடைக்கும்.

ஒரே குட்டைக்கு இரண்டு துறைகளில் மானியம் வாங்க முடியாது. எதில் உங்களுக்கு அனுகூலம் என்று பார்த்து ஒன்றில் மட்டும் விண்ணப்பியுங்கள்.

வரிசை தவறக்கூடாது

மானிய வேலை நடக்கும் முறை பெரும்பாலும் இதுதான். விண்ணப்பம் கொடுக்கிறீர்கள். பொறியாளர் வந்து இடத்தைப் பார்க்கிறார். வெட்டுவதற்கு முந்தைய அளவையும் படத்தையும் எடுக்கிறார். பணி ஆணை வருகிறது. அதன் பிறகு வெட்டுகிறீர்கள். முடிந்ததும் மீண்டும் அளக்கிறார்கள். மானியம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வருகிறது.

பணி ஆணை கையில் வராமல் ஒரு வாளி மண்ணைக்கூட எடுக்காதீர்கள். "வெட்டுங்கள், ஆணை பின்னால் வரும்" என்று யார் சொன்னாலும், அவர் தெரிந்தவராகவே இருந்தாலும் கேட்காதீர்கள். வெட்டிய குழியில் முந்தைய அளவை எடுக்க வழியே இல்லை.

விண்ணப்பத்தோடு கேட்கப்படுபவை பொதுவாக இவை: பட்டா அல்லது சிட்டா, அடங்கல், புலப்படம், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தக நகல், புகைப்படம், வட்டாட்சியர் தரும் சிறு குறு விவசாயி சான்று. விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண்ணும் பெற்று வையுங்கள். வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் பட்டாவில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். தலைப்பெழுத்து மாறியிருப்பதாலேயே பணம் நின்றுபோன விவசாயிகள் இருக்கிறார்கள்.

"இலவசமாக வெட்டித் தருகிறேன்" என்பவரிடம் எச்சரிக்கை

மானியம் தாமதமாகும்போது இப்படி ஒருவர் வருவார். "பைசா வேண்டாம், குட்டையை நானே வெட்டித் தருகிறேன், மண்ணை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்" என்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். மேலே சொன்ன குட்டையிலிருந்து வரும் மண் சுமார் 200 டிராக்டர் லோடு. செங்கல் சூளைக்கும் மனை மேடாக்கவும் அதற்கு விலை உண்டு. அவர் வருவது அதற்காகத்தான்.

உங்கள் நிலத்து மண்ணை உங்கள் நிலத்திலேயே கரைக்கும் வரப்புக்கும் பயன்படுத்துவது விவசாய வேலை. அதே மண்ணை வெளியே விற்பது கனிம விவகாரம். 1957ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டமும் 1959ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளும் அதற்குப் பொருந்தும். புவியியல் மற்றும் சுரங்கத் துறை வழியாக அனுமதி பெற்று, உரிமத்தொகை கட்டி, நடைச்சீட்டோடுதான் லோடு வெளியே போக வேண்டும். இல்லையென்றால் வண்டியைப் பிடிப்பார்கள், வழக்கும் அபராதமும் வரும். லோடு அடித்தவர் போய்விடுவார். நிலம் உங்கள் பெயரில் இருக்கிறது, பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

அத்தோடு அவர் 2 மீட்டரில் நிறுத்த மாட்டார். மண் நன்றாக இருக்கும் வரை செங்குத்தாகத் தோண்டுவார். சரிவு இல்லாத அந்தக் குழியின் பக்கங்கள் முதல் மழையிலேயே சரியும். கால் தவறி விழுந்தவர் ஏறி வரவும் முடியாது.

வெட்டும்போது கவனிக்க வேண்டியவை

மேல்மண் அரை அடியைத் தனியாக எடுத்து வயலில் பரப்புங்கள். அது உங்கள் உரம். அடிமண்ணைக் கரையாகப் போடுங்கள். குட்டை விளிம்புக்கும் கரைக்கும் நடுவே 1 மீட்டராவது இடைவெளி விடுங்கள், மண் திரும்பச் சரிந்து விழாது.

தண்ணீர் உள்ளே வரும் வாயில் ஒரு சிறு வண்டல் குழி எடுங்கள். வயல்மண் அதில் தங்கும், ஆண்டுக்கு ஒரு முறை அள்ளி வயலுக்கே போடலாம். இது இல்லாத குட்டை சில ஆண்டுகளில் தூர்ந்துவிடும். உள்ளே வரும் வாயிலும் வெளியேறும் வாயிலும் கல் பதியுங்கள். வெளியேறும் வாய் கரை உச்சியைவிடத் தாழ்வாக இருக்கட்டும். அந்தத் தண்ணீர் பழைய வழியில்தான் போக வேண்டும், அண்டை வயலில் இறங்கக்கூடாது. கரையில் வெட்டிவேர் நட்டால் மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

பயன்படாத ஆழ்துளைக் கிணறு இருந்தால் மழைத்தண்ணீரை நேராக அதில் திருப்பாதீர்கள். சேறும் பூச்சிமருந்தும் நிலத்தடி நீரில் கலந்துவிடும். மணலும் ஜல்லியும் போட்ட வடிகட்டிக் குழி அமைத்த பிறகே விட வேண்டும். அதற்கும் வேளாண்மைப் பொறியியல் துறையில் ஆலோசனை கிடைக்கும். அதுவரை அதன் வாயை இறுக மூடி வையுங்கள்.

கடைசியாக வேலி. குட்டைக்கு மானியம் தரும் திட்டம் எல்லாவற்றிலும் வேலிக்குப் பணம் இருக்காது. ஆனாலும் முள்கம்பியோ உயிர்வேலியோ கட்டாயம் வேண்டும். ஒரு பக்கத்தில் படி வைத்து, கரையில் ஒரு கட்டையில் நீளக் கயிறு கட்டி வையுங்கள். பள்ளி விடுமுறையில் ஊர்ப் பிள்ளைகள் குட்டைப் பக்கம் வருவார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

எப்போது தொடங்குவது?

நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஒதுக்கீடு வரும்போது பெயர் பட்டியலில் இருக்க வேண்டும் என்றால் தை, மாசியிலேயே பட்டாவையும் புலப்படத்தையும் சரிசெய்யுங்கள். சித்திரையில் விண்ணப்பம் கொடுத்து, ஆணை வந்ததும் மண் காய்ந்திருக்கும் ஆடிக்குள் வெட்டி முடித்தால், ஐப்பசி மழைக்குக் குட்டை காத்திருக்கும். புரட்டாசியில் ஓடி அலைந்தால் அந்த ஆண்டு மழை ஓடைக்குத்தான்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. உங்கள் சர்வே எண்ணின் புலப்படத்தை எடுத்து, வயலில் நின்று, மழைத்தண்ணீர் எங்கே சேர்கிறது என்பதை அதில் பென்சிலால் குறியுங்கள். அந்தத் தாளோடு உங்கள் பகுதி வேளாண்மைப் பொறியியல் துறை உதவி செயற்பொறியாளரையோ, மாவட்டத்தின் வேளாண் அறிவியல் நிலையத்தையோ பாருங்கள். உங்கள் மண்ணுக்கு எந்த இடத்தில் எந்த அளவுக் குட்டை பொருந்தும் என்று அவர்கள் சொல்வார்கள்.